பன்னீர் இலையில் பதினொரு நரம்பு

கண்புரை அறுவை முடிந்து கட்டுப் பிரித்த அன்று அம்மா முதலில் பார்த்தது என் முகத்தை. "ஏட்டி, ஒனக்கு இம்புட்டு நரை எப்ப வந்துச்சு?" என்று கேட்டாள். அடுத்துப் பார்த்தது எதிர்ச் சுவரில் தொங்கிய காலண்டர் முருகனை. "செந்தூருக்கு வந்து கண்மலர் போடுதேன்னு நேர்ந்திருக்கேன். எப்பக் கூட்டிட்டுப் போற?"

நேர்த்தி என்று வந்துவிட்டால் அம்மாவிடம் தவணை எடுபடாது. 2025 ஜூலை 7-ஆம் தேதி அங்கே கும்பாபிஷேகம் நடந்தபோதே கிளம்ப நின்றாள். கூட்டத்தைக் காரணம் காட்டி நான்தான் டிவி முன்னால் உட்கார வைத்தேன். இந்த முறை மாசித் திருவிழா முடிந்து கூட்டம் வடிந்த ஒரு சனி, ஞாயிறைப் பிடித்துக்கொண்டோம். ஆண்டுக் கணக்கு முடிக்கிற நேரம். கணக்குப் பிரிவில் இருக்கிற என்னால் அதற்கு மேல் ஒரு நாள்கூட லீவு கேட்க முடியாது.

எழும்பூரில் செந்தூர் எக்ஸ்பிரஸ் ஏறியதும் அம்மா ஒரு நிபந்தனை போட்டாள். "இந்த வாட்டி ஒண்ணும் கேக்கக் கூடாது. குடுத்ததுக்குக் கும்பிட்டுட்டு வரணும், அம்புட்டுத்தான்." சரி என்றேன். மனு இல்லாமல் கோயிலுக்குப் போவது அவ்வளவு கஷ்டமான காரியம் என்று அப்போது தெரியவில்லை.

விடியும்போது வண்டி திருநெல்வேலியைத் தாண்டியிருந்தது. அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொரு ஸ்டேஷன் பலகையையும் உரக்கப் படித்துக்கொண்டு வந்தாள். செய்துங்கநல்லூர். ஸ்ரீவைகுண்டம். ஆழ்வார்திருநகரி. நாசரேத். குரும்பூர். ஆறுமுகநேரி. காயல்பட்டினம். படிக்க முடிகிறது என்பதற்காகவே படித்தாள். இந்த அறுபது கிலோமீட்டர் தடத்தில் நம்மாழ்வார் பிறந்த ஊரும், நாசரேத் என்றே பெயர் வைத்த ஊரும், பள்ளிவாசல்கள் நிறைந்த காயலும் ஒன்றன்பின் ஒன்றாக வருவதை எத்தனையோ முறை கடந்து போயிருக்கிறேன். யாரோ எழுத்துக் கூட்டிப் படிக்கக் கேட்டபோதுதான் அது மனசில் பட்டது.

ஸ்ரீவைகுண்டத்தில் வண்டி நின்றபோது எதிர் சீட்டு அண்ணாச்சி பேச்சை ஆரம்பித்தார். 2023 டிசம்பர் 17 ராத்திரி, இதே வண்டி திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பி, இதே ஸ்டேஷனில் வெள்ளத்தில் மாட்டிக்கொண்டது. தண்டவாளத்தடி ஜல்லியும் மண்ணும் அரித்துப்போக, எண்ணூறு பேர் அளவுக்கு நடுவழியில். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை. "பக்கத்து ஊர்க்காரவ வீட்டுக்குள்ளயே தண்ணி நிக்கி. இருந்த அரிசியப் போட்டுப் பொங்கிக் குடுத்தாவ, பாத்துக்கிடுங்க. ஊர் பேரு புதுக்குடி." சொல்லிவிட்டு அவர் வெளியே பார்த்தார். வெளியே ஒன்றும் இல்லை. வாழைத் தோட்டம், ஒரு கொக்கு, சைக்கிளைப் பிடித்தபடி நிற்கிற பையன். அம்மா அந்த ஊர்ப் பக்கமாகக் கைகூப்பினாள்.

இதே ஸ்ரீவைகுண்டத்துக்காரர்தான் குமரகுருபரர். ஐந்து வயது வரை பேச்சு வராத பிள்ளையைப் பெற்றவர்கள் செந்தூருக்குத் தூக்கிக்கொண்டு போக, அங்கே வாய் திறந்து 'கந்தர் கலிவெண்பா' பாடினார் என்பது வரலாறாகவும் நம்பிக்கையாகவும் கலந்து இங்கே எல்லோருக்கும் தெரிந்த கதை. அதை அம்மா அண்ணாச்சிக்குச் சொல்ல, அவர் ஒன்றும் தெரியாதவர்போல முழுசாகக் கேட்டுக்கொண்டார். நல்ல மனுஷர்.

*

லாட்ஜில் 'கடல் பார்த்த அறை' என்று கூடுதலாக அறுநூறு ரூபாய் வாங்கியிருந்தார்கள். பெயர் வேண்டாம். ஜன்னலைத் திறந்தால் எதிரே பக்கத்துக் கட்டடத்தின் கறுப்புத் தண்ணீர்த் தொட்டி, அதையடுத்து ஒரு செல்போன் கோபுரம். இரண்டுக்கும் நடுவே, கட்டைவிரலை நீட்டினால் மறைந்துவிடுகிற அகலத்தில், நீலமாக ஏதோ. கீழே இறங்கிப் போய்ச் சண்டை போட்டேன். "கடல் தெரியுதுல்லா?" என்றார் கவுன்ட்டரில் இருந்தவர். தெரியத்தான் செய்கிறது. அதுதான் எரிச்சல்.

திரும்பி வந்தபோது அம்மா பிளாஸ்டிக் நாற்காலியை ஜன்னலுக்கு நேராக இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள். "ஏட்டி, ஓடிவா, போட்டு போகுது." அந்த விரலகல நீலத்துக்குள் ஒரு மீன்பிடிப் படகு ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் மறைய நாலைந்து நொடி ஆனது. அடுத்த படகுக்காக அவள் காத்திருக்க ஆரம்பித்துவிட்டாள். எனக்கு அறுநூறு ரூபாய் இன்னும் உறுத்தியது. இப்போதும் லேசாக உறுத்துகிறது.

*

இங்கே வழக்கம் முதலில் கடல், அப்புறம் நாழிக்கிணறு, அதற்குப் பிறகுதான் சன்னிதி.

அறுபடை வீடுகளில் கடல் ஓரத்தில் இருப்பது இது ஒன்றுதான். 'திருமுருகாற்றுப்படை' இதை அலைவாய் என்கிறது. அலையின் வாயில் இருக்கிற ஊர். கிழக்கே வாசல் வைக்கக் கடல் இடம் கொடுக்காததால் ஒன்பது நிலை ராஜகோபுரம் மேற்குப் பக்கம் நிற்கிறது. அந்த வாசல் பெரும்பாலும் சாத்தியேதான் இருக்கும். நாமெல்லாம் போவது தெற்கே சண்முக விலாச மண்டபம் வழியாக.

கடற்கரை முன்பு மாதிரி இல்லை. கரை அரிப்பில் மணல் பல இடங்களில் படிக்கட்டு வெட்டியதுபோல் செங்குத்தாக அறுந்து நிற்கிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் உள்வாங்குகிற நாட்களில் பாசி பிடித்த பாறைகள் வேறு தலைகாட்டும். முட்டி வலிக்கிற எழுபத்து நாலு வயதுக்காரியை எப்படி இறக்குவது என்று யோசித்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் மொட்டை போட்டு நனைந்து நின்ற ஒரு பையன், "ஆச்சி, கையக் குடுங்க" என்று ஒரு பக்கம் பிடித்துக்கொண்டான். சமமான இடமாகப் பார்த்து, அலை வந்து நக்கிவிட்டுப் போகிற விளிம்பில் அம்மாவை உட்கார வைத்தோம்.

இடுப்பளவுத் தண்ணீரில் மூழ்கி எழுந்தால்தான் குளித்ததாகக் கணக்கு என்று நினைக்கிறவள் நான். அம்மா சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். முதல் அலை வந்து மடியில் ஒரு கைப்பிடி மணலைப் போட்டுவிட்டுப் போனது. இரண்டாவது அலை அதை எடுத்துக்கொண்டு போனது. மூன்றாவது பெரிசாக வந்து அவளை அப்படியே பின்னால் சாய்த்து, ஒரு அடி தள்ளி உட்கார வைத்தது. நான் பதறிப் போய்த் தூக்கினால் அவள் சிரிக்கிறாள். வாயில் உப்பு, முடியெல்லாம் மணல், சேலைத் தலைப்பில் சிப்பி. அப்பா போனபிறகு அம்மா அப்படிக் குலுங்கிச் சிரித்து நான் பார்த்ததில்லை. பையனும் சிரித்தான். யாரென்று தெரியாத நாலைந்து பேர் சிரித்தார்கள். "இன்னொண்ணு வரட்டும்" என்றாள். அரை மணி நேரம் எழுந்திருக்கவில்லை.

அப்புறம் நாழிக்கிணறு.

கோயிலுக்குத் தெற்கே, கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. பெரிய பள்ளம்போல இருபத்து நாலு அடி ஆழத்துக்குப் படிகள் இறங்குகின்றன. அடியில் கிணறு என்று நாம் நினைக்கிற எதுவும் இல்லை. ஒரு சதுர அடி அளவில் ஒரு சின்னக் குழி. கிணற்றுக்குள் கிணறு. சூரபத்மனோடு போர் முடிந்து தாகத்தில் நின்ற படைக்காக முருகன் வேலை எறிந்து ஊற்றெடுக்க வைத்தான் என்பது தலபுராணம். அத்தனை உப்புத் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்தச் சின்னக் குழியில் ஊறுவது நல்ல தண்ணீர்.

நாழி என்றதும் எனக்குப் பாட்டி வீட்டு அரிசிப் பானைதான் நினைவுக்கு வரும். அதற்குள் கிடந்த பித்தளை நாழி. இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி என்று அதை வைத்துத்தான் எனக்கு வாய்ப்பாடு சொல்லித் தந்தாள். அளந்து போட்டுவிட்டு, கடைசியில் ஒரு பிடியை எடுத்துத் திரும்பப் பானைக்குள் போடுவாள். காலிப் பானையில் கை விடக் கூடாது என்பது அவள் கணக்கு. அந்தக் கணக்கில் படித்து வந்த நான் இன்று ஒன்பது இலக்க எண்களை ஒரு கட்டத்திலிருந்து இன்னொரு கட்டத்துக்கு மாற்றிச் சம்பளம் வாங்குகிறேன். சரி, அது வேறு கதை.

ஈரப் படிகளில் அம்மாவை ஒவ்வொரு படியாக இறக்கினேன். தலையில் தண்ணீர் விழுந்ததும் உடம்பில் காய்ந்திருந்த உப்பு கரைகிறது தெரிந்தது. கடலில் குளித்துவிட்டு வீட்டுக்குப் போகிறவர்களுக்கு அந்தப் பிசுபிசுப்பு தெரியும். காதுமடலில், புருவத்தில், விரல் இடுக்கில் எல்லாம் உட்கார்ந்திருக்கும். அது ஒரே நேரத்தில் கழன்று போகிற சுகம் இருக்கிறதே, அதை அனுபவிக்க முதலில் உப்பில் ஊறியாக வேண்டும். நேரடியாக இங்கே வந்து குளித்தால் வெறும் தண்ணீர்தான். வழக்கத்தை இப்படி வரிசைப்படுத்தி வைத்தவர்கள் விவரமானவர்கள். அம்மா உள்ளங்கையில் ஏந்தி ஒரு வாய் குடித்தாள். "மோட்டார் தண்ணி இப்படியா இருக்கு" என்றாள். எனக்கு லேசாகச் சப்பென்று இருந்தது. சொல்லவில்லை.

*

கோயில் வாசலில் கண்மலர் விற்றார்கள். மெல்லிய தகட்டில் இரண்டு கண்கள். கொஞ்சம் பெரிசாக, கனமாக இருந்த ஜோடியை நான் எடுத்தேன். ஒரு கண்ணுக்கு அறுவைக்கு ஆன செலவு எனக்குத் தெரியுமே. அம்மா அதை வாங்கித் தட்டில் திரும்ப வைத்துவிட்டு இருப்பதிலேயே சின்னதை எடுத்தாள். "எனக்கு இருக்கது இத்தினிக்காணு கண்ணு. அளவாத்தான் போடணும்."

ஆண்கள் சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொள்ள வேண்டிய கோயில் இது. வரிசையில் நிற்கும்போது தொப்பையும் எலும்பும் தழும்புமாக எல்லோரும் ஒரே மாதிரி ஆகிவிடுகிறார்கள். முன்னால் நின்றவர் முதுகில் ஒரு மருத்துவ பிளாஸ்திரி. அம்மா அதன் மேல் அச்சடித்திருந்த கம்பெனிப் பெயரைப் படித்துவிட்டாள். இனி இவளை எங்கே கூட்டிக்கொண்டு போனாலும் இப்படித்தான்.

உள்ளே போகப் போக வெக்கை, எண்ணெய், சந்தன வாசம். முதியவர் என்று பார்த்து ஒரு பணியாளர் எங்களைக் கொஞ்சம் முன்னால் விட்டார். அவருக்குப் புண்ணியம். மூலவருக்கு முன்னால் எங்களுக்குக் கிடைத்தது மூன்று, நாலு நொடி இருக்கும். சென்னையில் கிளம்பியதிலிருந்து 'எதுவும் கேட்கக் கூடாது' என்று சொல்லிச் சொல்லிப் பழகியிருந்தேன். தீபம் ஏறியதும் வாய் தானாக, 'பிள்ளைக்கு நல்ல வேலையா' என்று ஆரம்பித்துவிட்டது. நாக்கைக் கடித்தேன். அதற்குள் நகரச் சொல்லிவிட்டார்கள். முப்பது வருஷப் பழக்கம், விடுமா?

அம்மா நகர்ந்து வந்து தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணில் தண்ணீர். "பூவு வச்சிருக்கான் பாத்தியா?" என்றாள். "எங்கே?" "கையிலட்டி. ஒரு கையில மாலை, ஒரு கையில பூவு. இத்தன வருசமா வாறேன், இன்னைக்குத்தான் பாக்கேன்."

எனக்கு அது தெரியும், கேள்வியளவில். திருச்செந்தூர் மூலவர் வேலெடுத்துப் போருக்கு நிற்கிற கோலம் இல்லை. சூரனை வென்று முடித்த பிறகு, ஜெபமாலையும் மலரும் ஏந்திச் சிவனைப் பூஜிக்கிற கோலம். அவர் பூஜிக்கிற பஞ்சலிங்கங்கள் கருவறைக்குப் பின்னால் இருக்கின்றன. ஜெயித்து வந்த பிள்ளை அப்பாவுக்குப் பூப்போட்டுக் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறது. நாம் நடுவில் போய் நின்று, 'அது கொடு, இது கொடு' என்கிறோம். அம்மாவின் நிபந்தனை எங்கிருந்து வந்தது என்று அப்போது புரிந்த மாதிரி இருந்தது. அவளிடம் கேட்டால், "அதெல்லாம் எனக்குத் தெரியாது, கேட்டுக்கிட்டே இருந்தா அசிங்கமா இருக்கும்லா" என்பாள். கேட்டேன். அதைத்தான் சொன்னாள்.

கண்மலர் உண்டியலில் விழுந்தபோது சத்தமே வரவில்லை. அவ்வளவு லேசு.

போற்றி, அதாவது அர்ச்சகர், கொடுத்த பன்னீர் இலை விபூதியை வாங்கிக்கொண்டு பிராகாரத்தில் உட்கார்ந்தோம். இந்த இலையில்தான் இங்கே விபூதி. பன்னிரண்டு நரம்பு, முருகனின் பன்னிரண்டு கை என்பார்கள். ஆதிசங்கரர் 'சுப்பிரமணிய புஜங்கம்' பாடியது இந்தச் சன்னிதியில் என்பார்கள். அதிலும் இந்த இலை விபூதி வருகிறது. அம்மா விபூதியைக் காகிதத்தில் கொட்டிக்கொண்டு, இலையைத் துடைத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து எண்ண ஆரம்பித்தாள். இந்தப் பக்கம் ஆறு. அந்தப் பக்கம் ஐந்து. மறுபடி எண்ணினாள். பதினொன்று.

"ஒரு கை குறையுதே" என்றேன். கணக்குப் பிரிவு புத்தி.

"முதுகுக்குப் பின்னால வச்சிருப்பான்" என்றாள், தலையைத் தூக்காமல்.

இந்த இலைக்கு இன்னொரு கதையும் உண்டு. இந்தப் பெரிய கோபுரத்தைக் கட்டுவித்தவர் திருவாவடுதுறை ஆதீனத்தைச் சேர்ந்த தேசிகமூர்த்தி சுவாமிகள். கையில் காசில்லை. வேலை செய்தவர்களுக்குக் கூலியாக இலை விபூதியை மடித்துக் கொடுத்து, தூண்டுகை விநாயகர் கோயிலைத் தாண்டிப் போய்ப் பிரித்துப் பாருங்கள் என்பாராம். பிரித்தால் உள்ளே அவரவர் உழைப்புக்கேற்ற கூலி இருக்குமாம். சின்ன வயசில் இதைக் கேட்டபோது விபூதி காசான அதிசயம் பெரிசாகத் தெரிந்தது. இப்போது எனக்கு வேறொன்று ஆச்சரியம். அந்த இலையைப் பிரிக்காமல் பிள்ளையார் கோயில் வரைக்கும் கையில் வைத்துக்கொண்டு நடந்தார்களே, நாளெல்லாம் கல் சுமந்தவர்கள். நானாக இருந்தால் வாங்கின இடத்திலேயே எண்ணிப் பார்த்திருப்பேன். ரசீதும் கேட்டிருப்பேன்.

*

சாயங்காலம் கடற்கரையில் ஒரு ஆச்சியிடம் சில்லுக் கருப்பட்டி வாங்கினோம். சுக்கும் ஏலமும் போட்டது. சின்ன ஓலைக் கொட்டானில் அடுக்கித் தந்தாள். "எங்கருந்து வாறிய?" என்றாள். சென்னை என்று நான் சொல்ல, அம்மா அவசரமாக, "இல்ல, நமக்குத் திருநவேலிப் பக்கம்தான், இவ சோலியா அங்க இருக்கா" என்று திருத்தினாள். அந்தத் திருத்தத்துக்கு இரண்டு சில்லு கொசுறு கிடைத்தது. கருப்பட்டிக் காப்பி வாங்கிக்கொண்டு மணலில் உட்கார்ந்தோம். சுடச்சுட ஒரு வாய் காப்பி, அப்புறம் ஒரு கடி சில்லு. இனிப்பின் மேல் இனிப்பு. எனக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறது. அன்றைக்கு முருகன் பார்த்துக்கொண்டான் என்று வைத்துக்கொள்வோம்.

இருட்ட இருட்ட அம்மா சண்முகர் கடலில் கிடந்த கதையைச் சொன்னாள். பதினேழாம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் இந்தக் கோயிலைப் பிடித்து வைத்திருந்து, போகும்போது சண்முகரைக் கப்பலில் தூக்கிக்கொண்டு போனதும், புயலில் சிலை கடலுக்குள் போனதும், வடமலையப்பப் பிள்ளை கனவில் கண்டபடி எலுமிச்சம்பழம் மிதக்கிற இடமும் கருடன் வட்டமிடுகிற இடமுமாகத் தேடி 1653-இல் மீட்டு வந்ததும். எனக்கு ஏற்கெனவே தெரிந்த கதைதான். ஆனால் சொல்கிற இடத்துக்கு எதிரே அந்தக் கடலே கிடந்து இரைகிறது. "அம்மாம் பெரிய கடல்ல ஒத்த எலுமிச்சம்பழத்த ஒரு மனுசன் கண்டுருக்கான் பாரேன். என்னா கண்ணு!" என்று முடித்தாள். அவளுக்கு இப்போது எல்லாக் கதையும் கண்ணில்தான் வந்து முடிகிறது.

*

ஞாயிற்றுக்கிழமை ரயிலுக்கு ராத்திரி வரை நேரம் இருந்தது. ஆட்டோ பேசிக்கொண்டு தெற்கே கிளம்பினோம். குலசேகரன்பட்டினத்தில் முத்தாரம்மனைக் கும்பிட்டோம். தசராவுக்கு ராஜா, குறத்தி, போலீஸ், காளி என்று வேஷம் கட்டி ஊர் ஊராகத் தர்மம் எடுத்து, அதைக் கொண்டுவந்து அம்மனுக்குச் செலுத்துவார்களே, அந்தக் கோயில். வேஷமில்லாத நாளில் தெரு வெறிச்சென்று இருந்தது. இந்த ஊர்ப் பக்கம்தான் இஸ்ரோவின் இரண்டாவது ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். ஆட்டோக்காரர் அந்தத் திசையில் கையைக் காட்டி, "ராக்கெட்டு வந்தா தெரு நல்லா ஆயிரும்" என்றார். ஆகட்டும்.

வழியில் ஒரு பனங்காட்டு ஓரத்தில் பயினி இறக்கி வைத்திருந்தார்கள். பதனீர் என்று நான் சொன்னால் அம்மாவுக்குப் பிடிக்காது. ஓலைப் பட்டையை மடித்துப் பிடிக்கச் சொல்லி ஊற்றினார் பனையேறி. பட்டை நுனியில் வாயை வைத்து உறிஞ்ச வேண்டும். பழக்கமில்லாவிட்டால் பாதி சட்டைக்குப் போகும். எனக்குப் போனது. அம்மா ஒரு சொட்டு சிந்தவில்லை. பச்சை ஓலை வாசமும், அடியில் லேசான சுண்ணாம்பு ருசியும். இரண்டாவது பட்டைக்குக் காசு வேண்டாம் என்றார் அவர். ஏன் என்று கேட்டேன். "ஆச்சி குடிச்ச தினுசுக்கு" என்றார்.

அங்கிருந்து மணப்பாடு. கடலுக்குள் மூக்கு நீட்டிக்கொண்டிருக்கிற மணல்மேடு, அதன் உச்சியில் 1581-இல் எழுந்த திருச்சிலுவைத் திருத்தலம். கப்பல் புயலில் சிக்கித் தப்பிய போர்ச்சுக்கீசியத் தலைவர் ஒருவர், பாய்மரத்தை வைத்தே சிலுவை செய்து நட்டதில் தொடங்கியது என்கிறார்கள். பிழைத்ததற்கு நன்றி. புனித சவேரியார் 1542-இல் இந்தக் கரைக்கு வந்து தங்கியிருந்த குகை மேட்டின் கடல் பக்கத்தில் இருக்கிறது. அம்மா படிகளைப் பார்த்துவிட்டுத் தயங்கினாள். அப்புறம், "வந்தாச்சுல்லா" என்று இறங்கினாள்.

குகைக்குள் ஒரு கிணறு. அலை பாறையில் வந்து மோதுகிற இடத்துக்கு அந்தப் பக்கம், குடிக்கிற தண்ணீர். அம்மா அதைப் பார்த்து ஒரு நிமிஷம் பேசவே இல்லை. அங்கே ஜெபித்துக்கொண்டிருந்த ஒரு அக்கா எழுந்து, "குடிங்கம்மா, நல்ல தண்ணிதான்" என்றார். நேற்று நாழிக்கிணற்றில் செய்தது போலவே, உள்ளங்கையில் ஏந்தி ஒரு வாய். என்னைப் பார்த்து, "ஒரே ருசி" என்றாள். நானும் குடித்தேன். நேற்று எனக்குச் சப்பென்று இருந்ததே, இன்று அப்படி இல்லை. ஏறி இறங்கிய தாகமாக இருக்கும்.

*

ராத்திரி வண்டியில் எங்கள் எதிரே ஒரு குடும்பம். மொட்டை போட்டுச் சந்தனம் பூசின பெண் குழந்தை, ஆறு வயசு இருக்கும், தூங்க மாட்டேன் என்று அடம். அம்மா பர்ஸிலிருந்து பன்னீர் இலையை எடுத்துக் காட்டினாள். "இதுல எத்தன நரம்புன்னு எண்ணு பாப்பம்." குழந்தையிடமும் ஒரு இலை இருந்தது. அதன் அப்பா சட்டைப் பையில், கசங்கி, விபூதி சிந்தி. தன் இலையைத்தான் எண்ணுவேன் என்று வாங்கிக்கொண்டு, செல்போன் டார்ச்சைப் பிடிக்கச் சொல்லி, விரலை வைத்து எண்ணியது. நடுவில் பெரிய நரம்பையும் சேர்த்து, கிளை பிரிகிறதையும் சேர்த்து, விட்ட இடத்தை மறந்து பின்னால் போய்.

"பதினாலு" என்றது.

"பன்னெண்டுதான் இருக்கும் பாப்பா" என்றார் அதன் அம்மா.

"எனக்குப் பதினொண்ணு வந்துச்சு, ஒனக்குப் பதினாலு" என்றாள் என் அம்மா. "கூட வந்தா இருந்துட்டுப் போவுது."

குழந்தை நம்பாமல் மறுபடி முதலிலிருந்து எண்ணத் தொடங்கியது. வண்டி காயல்பட்டினத்தில் நின்றது. அம்மா எட்டிப் பார்த்து, இருட்டில் பலகையைப் படித்தாள்.